தேடியதில் கிடைத்த ஒரே பக்கம்

இன்று காலை நான் முகம் கழுவி முடிப்பதற்குள், முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள்பட்டை வலி என்று என் அக்காவை நம்பியிருந்த அத்தனை பேருக்கும் "உங்கள் இன்றைய சிகிச்சை ரத்து செய்யப்பட்டது" என்று செய்தி போய்விட்டது.

பொத்தானை அழுத்தியது அக்கா. அழுத்த வைத்தது நான்.

இந்தப் பத்தியில் முன்பே சொன்ன என் தொழிலை மறந்துவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. கிளினிக்குகளில் யாருக்கு எப்போது நேரம் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்றுக்கு நான் உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். ஏதோ ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் ஒருவர் 'உதவி' என்ற பொத்தானை அழுத்தி, தேடும் கட்டத்தில் நாலு வார்த்தை தட்டுவார் இல்லையா? அப்போது ஓடி வந்து நிற்க வேண்டிய பக்கங்கள். அப்படி வந்து நின்றதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அக்கா அந்த மென்பொருளைத்தான் வைத்திருக்கிறாள். தம்பி வேலை பார்க்கும் கம்பெனி என்ற பாசத்தில் வாங்கினாள். பாசத்துக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்தவள், அங்கிருந்த பிரிவுத் தலைவரிடம் "உங்ககிட்ட வேலை பார்க்கறதுக்கு சும்மா உட்கார்ந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததும், இரண்டு அறையில் சொந்தமாக கிளினிக் போட்டதும் உங்களுக்குத் தெரியும். அது தட்டுத் தடுமாறிக்கொண்டிருப்பதும் தெரியும். பக்கத்துத் தொழிற்சாலையில் அடிபடும் தொழிலாளர்களை எல்லாம் அக்காவிடம் அனுப்பலாமா என்று பார்ப்பதற்காக, அந்தத் தொழிற்சாலையின் டாக்டர் இன்று காலை நேரில் வருவதாக இருந்தது. அனுப்பினால் கிளினிக் நிற்கும். இல்லையென்றால் அக்கா மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கு, அதே பிரிவுத் தலைவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட காலைப் பொழுதில்தான் என் இலக்கியப் பணி பலன் கொடுத்தது.

நடந்தது இதுதான். எங்கள் மேலாளருக்குக் கடுமையான சொற்கள் ஆகாது. எல்லாமே இதமாக இருக்க வேண்டும். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் 'இதம்'. முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே 'சார்'. போன வாரம் இதத்துக்கு ஒரு ஞானோதயம். 'ரத்து' என்ற சொல் வாடிக்கையாளர் மனதைப் புண்படுத்துகிறதாம். இனிமேல் பொத்தானில் 'நிலைமாற்றம்' என்றுதான் இருக்க வேண்டுமாம்.

அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். அதே கம்பெனியில் வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுத்துப் பதில் சொல்கிறவள் அவள். எழுந்து நின்று சொன்னாள்.

"ஃபோன் பண்றவங்க யாரும் நிலைமாற்றம்னு கேக்கறதில்ல சார். ரத்து பண்ணணுங்கறாங்க. கேன்சல்ங்கறாங்க. அவர் வரமாட்டாராம், என்ன பண்றதுங்கறாங்க. பொத்தான் பேரை என்னவோ வெச்சுக்கோங்க. அவங்க வாயில வர்ற வார்த்தைய தட்டினா பக்கம் வரணும். அவ்வளவுதான்."

இதம் என்னைப் பார்த்தார். நான் ஃபோன் எடுக்கிறவளின் புருஷனாக இருந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து எழுத்தாளனாகிவிட்டேன்.

"சரியான சொல்லை நாமதான் சார் மக்களுக்குப் பழக்கப்படுத்தணும்" என்றேன்.

மனைவி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "ஒண்ணுமில்ல."

நானும் வேலையில் மூழ்கினேன். எல்லாப் பக்கங்களிலும் 'ரத்து' இருந்த இடத்தில் எல்லாம் 'நிலைமாற்றம்' போடச் சொல்லிக் கணினிக்கு ஒரு கட்டளை. நான் டீ வாங்கி வருவதற்குள் முடித்துவிட்டது. 'அவசர மூடல்' என்று தனியாக ஓர் அடுக்கு உண்டு. வெள்ளம், தீ, டாக்டருக்கே உடம்பு சரியில்லை என்றால் கிளினிக்கை ஒரேயடியாக மூடுவது எப்படி என்று அங்கே ஒரு பக்கம். அதை அந்தக் கட்டளையில் சேர்க்க மறந்துவிட்டேன்.

ஆகவே இன்று காலை, காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரே ஒரு ஆசிரியையின் நேரத்தை எடுத்துவிட நினைத்த அக்கா, ரத்துப் பொத்தானைத் தேடினாள். காணோம். உதவிக்குப் போய் 'ரத்து செய்வது எப்படி' என்று தட்டினாள். எங்கள் மொத்த ஆவணக் களஞ்சியத்திலும் அந்தச் சொல் உயிரோடிருந்த ஒரே பக்கம் முன்னால் வந்து நின்றது.

அந்தப் பக்கத்தை எழுதியவனும் நான்தான். தெளிவாகவே எழுதியிருந்தேன், செய்தி எல்லாருக்கும் போகும் என்ற ஒரு வரியைத் தவிர.

ஃபோன் வந்தது.

"டேய்."

"சொல்லுக்கா."

"நீ எழுதி வெச்சிருக்கறத வரி விடாம படிச்சு அப்படியே செஞ்சேன்."

நெகிழ்ந்துவிட்டேன். அக்கா நான் எழுதியதைப் படிப்பது இதுதான் முதல் தடவை. "அப்படியா! எப்படி இருந்துச்சு?" என்றேன்.

அதற்கு அக்கா சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

*

நான் போய்ச் சேர்ந்தபோது கிளினிக்கின் முன்னறையில் நாற்காலிகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்கா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா போயிருச்சுங்க, நீங்க வாங்க... என்னது, கடைக்குக் கிளம்பிட்டீங்களா? இடுப்பு வலி? ஓ, இன்னிக்குப் பரவாயில்லையா?" வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒருத்தியாவது வருத்தப்படுவான்னு பார்த்தேன். லீவு விட்ட மாதிரி குதிக்கறா."

உள்ளே ஒரே ஒருவர் மட்டும் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்காலில் வெந்நீர்ப் பை.

"உங்களுக்குச் செய்தி வரலையா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குத் தம்பி செய்தி? நேரமானா வண்டிய எடுத்துருவேன்" என்றார்.

அவர் ஒருவரை வைத்து ஒரு கிளினிக்கை நிரப்ப முடியாது. அக்கா இரண்டாவது கட்டிலைக் காட்டினாள்.

"படு."

"எதுக்கு?"

"உனக்குக் கழுத்து வலி."

"எனக்கெங்க கழுத்து வலி?"

"இப்ப வரும்" என்று சொல்லி அக்கா என் கழுத்தில் கை வைத்தாள். வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் தலையைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

தொழிற்சாலை டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான அம்மாள், எதையும் இரண்டு தடவை பார்க்காதவர். முன்னறையை ஒரு தடவை பார்த்தார். டிரைவரை ஒரு தடவை. என்னை ஒரு தடவை.

"காலையில உட்கார இடம் இருக்காதுன்னு சொன்னீங்களே?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை நாளா வலி?"

"இப்பதான் டாக்டர். ரொம்பப் புதுசு" என்றேன். அது உண்மை.

அக்காவால் அதற்கு மேல் முடியவில்லை.

"இவன் பேஷன்ட் இல்ல டாக்டர். என் தம்பி. ரூம் காலியா இருக்கேன்னு படுக்க வெச்சேன். காலையில ஒருத்தருக்குப் பதிலா எல்லாருக்கும் வரவேண்டாம்னு செய்தி போயிருச்சு. என் தப்புதான், பார்த்து அழுத்தியிருக்கணும்."

இவள் எப்போதும் இப்படித்தான். பொய்யை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என்னைக் கட்டிலில் படுக்க வைத்துக் கழுத்தை முறித்தாளே தவிர, வெளியாள் முன்னால் என் பெயரை இழுக்கவில்லை. அதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

டாக்டர் கருவிகளைப் பார்த்தார். கைகழுவும் இடத்தைப் பார்த்தார். டிரைவரின் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "நல்லா வேலை பார்த்திருக்கீங்க" என்றார். அக்காவின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

"சாயங்காலம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

கதவு மூடியதும் அக்கா திரும்பினாள்.

"அந்த ஆள் முன்னாடி நான் மறுபடி போய் நிக்கணுமாடா? சொல்லு. 'வாங்க வாங்க, வெளிய காத்து நல்லா இருந்துச்சா'ம்பான். நிக்கணுமா?"

"அக்கா..."

"நாலு தட்டு தட்டினா வர்ற மாதிரி ஒரு பக்கம் வைக்க உங்களுக்கு எல்லாம் என்னடா கேடு? நான் என்ன ராக்கெட்டா விடக் கேட்டேன்? ஒருத்தர் வரலன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். அதுக்கு ஒரு பதில் கிடையாது. கடைய இழுத்து மூடறதுக்கு மட்டும் படம் போட்டு விளக்கம்!"

டிரைவர் கட்டிலில் இருந்தபடியே, "அம்மா சொல்றது நியாயம்" என்றார்.

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. அக்கா என் பக்கங்களைத் திறந்தே பார்க்க மாட்டாள். எதுவானாலும் நேராக என் மனைவிக்குத்தான் ஃபோன். 'உன்கிட்ட கேட்டா ஒரு வரி, அவன்கிட்ட கேட்டா ஒரு புராணம்' என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறாள். மனைவிக்கும் இன்று அதிகாலை ஷிஃப்ட். ஃபோனுக்குப் பக்கத்திலேயேதான் இருந்திருப்பாள்.

"ஏன்க்கா, எப்பவும் அவளுக்குத்தானே ஃபோன் பண்ணுவ? இன்னிக்கு மட்டும் ஏன் என் பக்கத்துல போய்த் தேடின?"

 அக்கா கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் எறிந்தாள்.

"அத மடிச்சு வெச்சுட்டுக் கிளம்பு."

*

அலுவலகத்துக்குள் நுழையும்போது என் காது வரைக்கும் சுட்டது. எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும். அதனால் என் கோபத்தைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. சிலர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் இதத்தின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன்.

"சார், அந்த 'ரத்து' திரும்ப வரணும். பொத்தான்ல நீங்க என்ன வேணா வெச்சுக்கோங்க. ஆனா ரத்து, கேன்சல், வரல, வரமாட்டாராம், நேரத்த எடுக்கணும், எத தட்டினாலும் அந்தச் சரியான பக்கம் முதல்ல வரணும். கிளினிக்க மூடற பக்கத்துல 'இது எல்லாருக்கும் போகும்'னு சிவப்புல எழுதணும். இப்பவே போடலாமா?"

"உங்க உணர்வ நான் ரொம்ப மதிக்கிறேன்" என்றார் இதம்.

"மதிக்க வேண்டாம் சார். போடலாமா, கூடாதா?"

"ரொம்ப நல்ல கேள்வி."

"பதில்?"

"இதப் பத்தி எல்லாரும் கூடி, மனசு விட்டு..."

"சார், எங்கக்கா கிளினிக்ல இன்னிக்கு ஒரே ஒரு நோயாளிதான். படுக்க ஆள் இல்லாம நான் படுத்தேன். கழுத்தைத் திருப்ப முடியல, பாருங்க. உங்க பக்கம் பார்க்கணும்னா உடம்போட திரும்ப வேண்டியிருக்கு. போடலாமா, கூடாதா?"

இதம் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தினார்.

வெளியே வந்தேன். அந்த மனிதர் மேல் வந்த கோபம் என் மேசைக்குப் போகும் வழியிலேயே ஆளை மாற்றிக்கொண்டது. அவர் சொன்னது ஒரு பொத்தானுக்கு. ஊரில் உள்ள பக்கத்தை எல்லாம் துடைத்துவிட்டுச் 'சரியான சொல்லைப் பழக்கப்படுத்த'ப் புறப்பட்ட மேதாவி யார்? காலையில் வேலைக்கு ஆள் வராமல், கையில் ஃபோன் அடிக்க, வாசலில் நோயாளி நிற்க, ஒரு கையால் தட்டித் தேடுகிறவளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்க நினைத்தவன் யார்?

யாரையும் கேட்காமல் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல், தேடலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சொற்களைச் சேர்க்க ஓர் இடம் உண்டு. இத்தனை நாள் அதைக் காலியாகவே வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொன்றாகப் போட்டேன். 'வரல.' 'வேற நாள்.' 'தள்ளிப் போடணும்.' 'தப்பா போட்டுட்டேன்.' 'ரெண்டு தடவ விழுந்துருச்சு.' 'எங்க போச்சு.'

எங்கிருந்து இத்தனை சொற்கள் வருகின்றன என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் என் மனைவி இரவுச் சாப்பாட்டில் சொன்னவை. "இன்னிக்கு ஒருத்தர் என்ன கேட்டார் தெரியுமா" என்று அவள் ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். காது தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. வாய்தான் கூட்டத்தில் கவிழ்த்துவிட்டது.

'அவர் வரமாட்டாராம்' என்று தட்டிப் பார்த்தேன். 'ஒருவருடைய நேரத்தை மட்டும் ரத்து செய்ய' என்ற பக்கம் முதலில் வந்து நின்றது. தலைப்பையும் மாற்றியிருந்தேன். நாளைக்கு இந்த நாற்காலியில் நான் இருப்பேனா தெரியாது, பக்கம் இருக்கும்.

கூடத்தின் மறுகோடியில் மனைவி காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அழைப்பு முடிந்தது.

"காலையில அக்கா உனக்கு ஃபோன் பண்ணலையா?"

அடுத்த அழைப்பு வந்ததா, வந்ததுபோல் எடுத்தாளா தெரியவில்லை. "வணக்கம், சொல்லுங்க" என்றாள். என்னிடம் இல்லை.

*

சாயங்காலம் மாடிக்குப் போனேன். அக்கா எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. மேசையில் வெள்ளைக் கோட்டு. சட்டைப்பையில் ஆஸ்பத்திரியின் முத்திரை தைத்தது. துணிப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன், இனி வெளியே எடுக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த அதே கோட்டு.

"இல்லையாம்" என்றாள், கோட்டை விரித்துக்கொண்டே.

"என்ன சொன்னாங்க?"

"கை நல்லா இருக்குன்னாங்க. ஆனா அவங்க ஆளுங்க ஷிஃப்ட் விட்டுட்டு, சம்பளம் போனாலும் பரவாயில்லைன்னு வர்றவங்களாம். வா, வராதேன்னு மாத்தி மாத்திச் செய்தி அனுப்புற இடத்துக்கு அனுப்ப முடியாதாம்." பெட்டியை அழுத்தி இழுத்தாள். "நியாயம்தானே. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்."

"நான் போய்ப் பேசறேன்க்கா. என் தப்புன்னு எழுதித் தரேன்."

"நீ எழுதினது போதும்டா."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணப்போறேன். எடம் காலியா இருக்கான்னு கேக்கப்போறேன். நீ ஒண்ணும் சொல்லாத."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் அந்தக் கோட்டின் மேல்தான் விழும் என்று தோன்றியது. அதனால் காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்ததையே மறுபடி கேட்டேன்.

"காலையில அவகிட்ட கேட்டியா இல்லையாக்கா?"

அக்கா ஏற்கெனவே இஸ்திரி போட்ட கோட்டுக் கையையே மறுபடி தேய்த்தாள்.

"அவளுக்கு ஆயிரம் வேலை. விடு. கீழ போய்ச் சாப்பிடு. அவகிட்ட போய்க் கத்தாத."

"நான் எங்க கத்தறேன்னு சொன்னேன்?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாய் தவறிவிட்டது அவளுக்கும் தெரிந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே இறங்கினேன். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குக் கிடைக்கல" என்றேன். "நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போறாளாம்."

கத்தி நின்றது. திரும்பாமலே கேட்டாள். "அந்த ஆள்கிட்டயா?"

"அந்த ஆள்கிட்டயேதான்."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். முன்னைவிட வேகமாக. வெங்காயம் கூழாகிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"இந்த வாரம் முழுக்க இந்த ஒண்ணுமில்லையைக் கேட்டாச்சு" என்றேன். குரல் கீச்சென்று போகத்தான் செய்தது. போகட்டும் என்று விட்டேன். "நான் அந்தக் கூட்டத்துல பண்ணது ஈனத்தனம். அத நீ எப்ப வேணா திட்டு, தினம் திட்டு, உட்கார்ந்து கேக்கறேன். இப்ப நான் கேக்கறது வேற. ஆபீஸ்ல கேட்டா தண்ணி கொடுக்கறாங்க. அக்காகிட்ட கேட்டா கதவ மூடறா. நீயாவது நேரா ஒரு பதில் சொல்லு. காலையில அக்கா உனக்கு ஃபோன் பண்ணாளா, இல்லையா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பண்ணாங்க" என்றாள். "ரத்துப் பொத்தானக் காணோமே, எங்க போச்சுன்னு கேட்டாங்க. பேரு மாறியிருக்கு அண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லல. 'உங்க தம்பி எல்லாம் எழுதி வெச்சிருக்காரு, தேடிப் பாருங்க'ன்னு ஃபோன வெச்சுட்டேன். தேடினா ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும். வராம, உங்களக் கூப்பிட்டு நல்லாத் திட்டட்டும்னு நினைச்சேன். வேணும்னேதான் பண்ணேன்."